சாட்சிப் பாதி

பிஎச்.டி. படிக்கிற பெண்ணிடம் "எப்ப முடியும்?" என்று கேட்பது நம் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போல. நான்காவது வருடம் வரை பதில் சொன்னேன். ஐந்தாவது வருடம் சிரித்துச் சமாளித்தேன். ஆறாவது வருடம் யாரும் கேட்கவே இல்லை, அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. என் பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் பாளையங்கோட்டை. கடலியல் ஆராய்ச்சிக்கு மண்டபம் பக்கம் வந்து சேர்ந்தபோது எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. நம்புக்கனி அக்கா மூன்று தடவை முடியைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அக்கா பாசி எடுக்கிறவர். பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தை நிலாவை வைத்துக் கணக்கிடுவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், தண்ணீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்துத் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்புச் சாக்கில் போடுவார்கள். அந்த வள்ளத்தில் எனக்கும் ஓர் ஓரம் கொடுத்தார்கள். நான் தேடிய பெரிய பவளக் கல்லைக் காட்டியதும் அக்காதான். ஆள் உயரம், மேலே வழுவழுவென்று, யானை படுத்திருப்பது போல இருந்தது.

"இந்தக் கல்ல வச்சு என்னா பண்ணுவ டாக்டரம்மா?" என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டவர் அவர்.

"இது கேக்கும் அக்கா."

"கல்லுக்குக் காது எங்க இருக்கு?"

"உடம்பெல்லாம் காதுதான். வெயில் இருக்க நேரம் பூரா இது வளருதுல்லா, ஒரு பகலுக்கு ஒரு படலம், வெங்காயத் தோல விட மெல்லிசா சுண்ணாம்பு பூசிக்கிட்டே போகும். பூசுத நேரத்துல சுத்தி என்ன சத்தம் வருதோ, அந்த அதிர்வும் சேந்து அதுல உறைஞ்சிரும். எங்க லேப்ல ஒரு ஒளி ஊசி இருக்கு. அத வச்சு அந்தப் படலத்த வருடுனா, அன்னைக்குக் கேட்ட சத்தம் திரும்ப வரும்."

"வள்ளத்துல நாங்க பேசுறதுமா?"

"வள்ளத்து அடிப்பலகை மேளத்தோல் மாதிரி. மேல பேசுனா கீழ இறங்கும். ஆனா ஒரு தடவதான் கேக்க முடியும். வருடும்போதே அந்தப் படலம் பொசுங்கிப் போயிரும்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தண்ணீருக்குள் குதித்தவர் வெகுநேரம் மேலே வரவில்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கீழே, அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார்.

வனத்துறை ஒரே ஒரு துளைக்கு அனுமதி கொடுத்தது. கல்லின் உச்சியிலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு ஒரு தண்டை எடுத்தோம். நாற்பத்தேழு வருடத்துக் கடல் அதற்குள் இருந்தது. தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை நான் கேட்பது, மறு பாதியைத் தொடாமல் வைப்பது என்று என் வழிகாட்டி ஞானதிரவியம் சார் ஏற்பாடு செய்தார். அதற்குச் சாட்சிப் பாதி என்று பெயர். நான் சொல்வது மெய்யா என்று பின்னால் வேறு யாராவது கேட்டுப் பார்க்க அது வேண்டும். அதைப் பெட்டியில் வைத்து மூடி, காகிதம் ஒட்டி, குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டார். "இத யாரு பிரிச்சாலும் உன் தீசிஸ் வெறும் கத புஸ்தகம்தாம்மா" என்றார்.

ஒரு பகலின் சத்தத்தைக் கேட்டு முடிக்க ஒரு பகல் வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் என்று தேர்ந்தெடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வருவதைக் கணினியில் பதிந்தபடி, வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். சின்ன இறால்கள் போடும் சத்தம் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஓயாமல் இருக்கும். கிளிமீன் கல்லைக் கொறிக்கும். கடல் மேல் மழை பெய்வது கீழிருந்து கேட்கும், அதைக் கேட்டுத் தூங்கியே போயிருக்கிறேன். எப்போதாவது ஓர் ஆவுளியா, கடற்பசு, தன் குட்டியைக் கூப்பிடும். நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு வைகாசிப் பகலில் அந்தக் குட்டி பதில் சொன்னது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால் வெயிலும் பேருந்தும் டீக்கடையும் ஏதோ கனவு போலவும், உள்ளே இருந்ததுதான் நிஜம் போலவும் தோன்றும். அம்மா போனில் பேசும்போதுகூட அவள் குரலுக்குப் பின்னால் இறால் சத்தத்தைத் தேடியிருக்கிறேன். பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

மனிதக் குரல்களும் வரும். வலை இழுக்கிறவர்களின் வசவு, யாரோ யாருக்கோ பாடியது, கரைக்குத் திரும்புமுன் இரண்டு பேர் பேசி முடித்துக்கொண்ட ரகசியம். கடலில் பேசியது கடலோடு போயிற்று என்று நம்பித்தானே அவர்கள் பேசினார்கள்? என் ஆய்வேட்டில் அவற்றையெல்லாம் "பிற ஒலிகள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டேன். யாரிடமும் கேட்காமல் கேட்டுவிட்டோமே என்ற கூச்சம் எனக்கு இருந்தது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

ஆறாவது வருடம் ஒரு மத்தியானம், பாசி காயவைத்துக்கொண்டிருந்த அக்கா, தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"ஒம்பது வருசத்துக்கு முன்ன, ஐப்பசி அமாவாசைக்கு மூணா நாளு. எங்க வீட்டுக்காரரு வள்ளத்த அந்தக் கல்லுக்கு மேலதான் போட்டுருந்தாரு. அன்னைக்குக் கரையில இருந்து பாத்தவக சொன்னாக. அந்த நாளு உங்கிட்ட இருக்கா தாயி?"

அக்காவின் கணவர் கருமலையானைப் பற்றி ஊரில் எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்று நாள் கழித்து வெறும் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. ஊரில் பாதிப் பேர் அவர் செத்துப்போனார் என்றார்கள், பாதிப் பேர் ஓடிப்போனார் என்றார்கள். அக்கா தாலியைக் கழற்றவில்லை, பூவும் வைக்கவில்லை. பிள்ளை இல்லை. தனியாகத்தான் இருந்தார்.

"கொழுந்தன் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வந்து நிக்கிறாரு, அண்ணனுக்குத் திதி குடுக்கட்டுமான்னு. உசுரோட இருக்க ஆளுக்கு எள்ளும் தண்ணியும் எறச்சா பாவம்ல? செத்த ஆளுக்கு எறைக்காம இருந்தாலும் பாவம். நான் என்னா சொல்லட்டும்?"

 அந்த வருடத்துப் படலங்கள் என் பாதியில் இல்லை. ஒளி ஊசியைப் பிடித்துப் பழகிய நாட்களில் வேகத்தைக் கூட்டி வைத்து அந்த வருடம் முழுவதையும் நானே பொசுக்கியிருந்தேன். ஆய்வேட்டில் அது ஓர் இடைவெளி, நாகரிகமான ஒரு மன்னிப்பு வாக்கியத்தோடு. அந்த ஐப்பசி சாட்சிப் பாதியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"பாக்குதேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதம் என்னோடு நானே சண்டை போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துறையில் யாரும் இல்லாதபோது, காப்பி போடுகிற கெட்டிலின் ஆவியைக் காட்டி சாரின் கையெழுத்துக் காகிதத்தை உரித்தேன். நாற்பத்தேழு வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரு முடி அகலம்கூட இல்லை. அதைக் கேட்டுவிட்டு மறுபடி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அந்த நாளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கடல் வற்றியதையும் பெருகியதையும் படலங்களின் தடிமனே சொல்லிவிடும். அக்கா நிலாவைக் கணக்கு வைத்துச் சொன்ன நாள் அச்சாக அதே இடத்தில் இருந்தது.

முதலில் வழக்கம் போல இறால். தென்கடல் ஐப்பசியில் அமைதியாக இருக்கும், அன்றும் அமைதிதான். கொஞ்ச நேரத்தில் ஒரு வள்ளம் வந்து நின்றது. நங்கூரக் கயிறு கல்லில் உரசியது. ஓர் ஆள் இருமினார். வள்ளத்தில் ஊறிய தண்ணீரை இறைத்தார், அப்புறம் வெகுநேரம் சும்மா இருந்தார். எதற்கோ காத்திருக்கிறார் என்பது அந்தச் சும்மா இருத்தலிலேயே தெரிந்தது. ஒரு தடவை என்னவோ முணுமுணுத்தார், அழுதது போலவும் இருந்தது. நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில் கரைப்பக்கமிருந்து ஓர் என்ஜின் படகு வந்தது. நிறைய பேர் இருக்கிற சத்தம். படகு நெருங்கியதும் ஒரு சின்னக் குழந்தையின் குரல், மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே, அக்கரை இலங்கைத் தமிழில் கேட்டது.

"அப்பா! இஞ்சால வாங்கோ அப்பா!"

கால் மாற்றி வைத்து ஏறும் சத்தம். என்ஜின் கிழக்கே போய்த் தேய்ந்தது. அதன் பிறகு பொழுது சாயும் வரை அந்த வெறும் வள்ளம் நங்கூரத்தில் ஆடிக்கொண்டு கிடந்தது. அந்தச் சத்தத்தையும் கடைசி வரை கேட்டேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. மண்டபம் அகதி முகாமிலிருந்து யாரோ ஒரு பெண் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் குழந்தைக்கு அப்பா கருமலையான். ஒன்பது வருடம் தாலியோடு காத்திருக்கிற மனுஷியிடம் போய் இதை எப்படிச் சொல்வது? பதிவை அழித்தேன். பெட்டியை ஒட்டினேன். "அந்த நாள இன்னும் கேக்கல அக்கா, வைவா முடியட்டும்" என்று பொய் சொன்னேன். ஆய்வேட்டில் "சாட்சிப் பாதி தொடப்படவில்லை" என்று எழுதினேன். அக்கா மனம் நோகக் கூடாதென்று மறைத்தேனா, என் பட்டம் போய்விடக் கூடாதென்று மறைத்தேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. இரண்டும் ஒன்றையொன்று நன்றாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டன.

தை மாதத்தில் என் வாய்மொழித் தேர்வு நடந்தது. நம்மூர் வைவா ஒரு கல்யாணம்தான். மாலை, பொன்னாடை, வந்தவர்களுக்கெல்லாம் சமோசாவும் பால்கோவாவும் வைத்த பெட்டி. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வழக்கம். விதிக்கும் வழக்கத்துக்கும் பங்கம் வராமல் இருக்க, எங்கள் துறையில் ஒரு ஏற்பாடு உண்டு. தேர்வுக்கு நிற்கிறவரே மூன்று கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஜூனியர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் எழுந்து கேட்பார்கள். இவர் நெற்றியைச் சுருக்கி யோசிப்பது போல யோசித்துப் பதில் சொல்வார். நானும் மூன்று சீட்டு கொடுத்திருந்தேன்.

எல்லாம் நன்றாகவே போனது. கொச்சியிலிருந்து வந்த பரிசோதகர் டாக்டர் ராமபத்ரன், சத்தங்களைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். ஆவுளியாக் குட்டி பதில் சொல்லும் இடத்தை இரண்டு முறை போடச் சொன்னார். மூன்று சீட்டுக் கேள்விகளும் முடிந்தன. ஞானதிரவியம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

கடைசி வரிசையில் நம்புக்கனி அக்கா எழுந்தார். நான்தான் அழைத்திருந்தேன். பட்டுச் சேலை கட்டி, மடியில் பலகாரப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு அதுவரை உட்கார்ந்திருந்தார்.

"நான் கேக்கலாமா சார்?"

"கேளுங்கம்மா, தாராளமா."

"அந்த ஐப்பசி நாள நீ கேட்டுட்டியா தாயி?"

 சார் சட்டென்று மைக்கைப் பிடித்தார். "அம்மா, அது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயம். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். எனக்கு அவர் ஒரு வாசலைத் திறந்து வைத்தார். தலையை ஆட்டினால் போதும், பத்து நிமிடத்தில் நான் டாக்டர் இசக்கியம்மாள். அம்மா முதல் வரிசையில் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த மாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சுகிற பார்வை இல்லை. மூச்சு முட்டும்போது மேலே வருவதற்கு முன் ஒரு கணம் தண்ணீருக்குள் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"கேட்டுட்டேன் அக்கா" என்றேன்.

சார் என் பக்கம் திரும்பினார். "எதிலிருந்தும்மா? அந்த வருஷம்தான் உன்கிட்ட இல்லையே?"

"சாட்சிப் பாதியிலருந்து சார். நான்தான் பிரிச்சேன். ஆவி காட்டி உரிச்சு, திரும்ப ஒட்டுனேன். ஒரு நாள்தான் கேட்டேன். ஆனா தொடலைன்னு எழுதுனது பொய்."

ராமபத்ரன் பேனாவை மெதுவாக மூடி வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒரு நாளோ, நூறு நாளோ, முத்திரை உடைந்தால் அது சாட்சி அல்ல. எனக்கு வருத்தம் உண்டு. இன்று பட்டம் பரிந்துரைக்க முடியாது. வேறு கல், வேறு துளை, எல்லாம் ஆதியிலிருந்து. மூன்று வருடமாவது வேண்டும்."  சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். அம்மா மாலையைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.  எனக்கு அழுகை வரவில்லை.

அக்கா அதற்குள் நடுப்பாதை வழியாக நடந்து மேடைக்கு அருகே வந்திருந்தார். இவர்கள் பேசிய எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"என்னா கேட்டுச்சு தாயி?"

"அவரு சாகல அக்கா. ஒரு என்ஜின் படகு வந்துச்சு. அதுல ஏறிப் போயிட்டாரு. கிழக்க."

"ஏறுனாரா? தண்ணியில விழுகலயே?"

"இல்ல. நல்லா ஏறுன சத்தம் கேட்டுச்சு."

அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன். பட்டம் போனாலும் போகட்டும், அந்த ஒன்றை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா இன்னும் ஓரடி முன்னால் வந்து, மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படகுல புள்ள இருந்துச்சா?"

 அவருக்கு என் முகமே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும் தாயி. அகதி கேம்புல பொறந்த புள்ள. நாலு வயசு. புள்ளயப் பெத்தவ ஊருக்குத் திரும்புறான்னு கேள்விப்பட்டதும் இந்த மனுசன் சோறு தண்ணி எறங்காம கெடந்தாரு. நான்தான் போகச் சொன்னேன். எனக்கு நீ இல்லாட்டியும் பாசி இருக்கு, கடல் இருக்கு, அந்தப் புள்ளைக்கு அப்பன் வேணும், போன்னு வள்ளத்தத் தள்ளிவுட்டதே நான்தான். மூணா நாளு வெறும் வள்ளம் வந்துச்சு. அவ படகுல ஏறுனாரா, இல்ல ஏறாம மனசு வெறுத்துத் தண்ணியில எறங்கிட்டாரான்னு யாருகிட்டக் கேப்பேன்? என் கையாலயே கொன்னுட்டேனோன்னு ஒம்பது வருசம். ஊரு என்னென்னமோ சொல்லுச்சு. நான் யாருகிட்டயும் வாய தொறக்கல."

நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து எதை மறைத்தேனோ, அது ஒன்றைத்தான் அவர் ஒன்பது வருடமாகக் கேட்க விரும்பியிருக்கிறார். அந்தப் பதிவை அழித்த விரல்களைப் பார்த்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"புள்ள இருந்துச்சு அக்கா. அப்பான்னு கூப்ட்டுச்சு. அதுக்கப்புறம்தான் அவரு ஏறுனாரு."

"எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுறியா?"

"இல்ல அக்கா." சொல்ல முடியாமல் சொன்னேன். "கல்லுல இருந்தது பொசுங்கிட்டு. பதிஞ்சு வச்சத நானே அழிச்சிட்டேன். இப்ப என் காதுல மட்டும்தான் இருக்கு."

 அக்கா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை.

"அப்ப நீ கூப்புட்டுக் காட்டு. அது எப்புடிக் கூப்புட்டுச்சோ அப்புடியே."

நான் மேடையில் இருந்தவர்களைப் பார்த்தேன். சார் கண்ணாடி இல்லாத கண்களால் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராமபத்ரன் எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். ஜூனியர்கள் கையில் பாதிச் சமோசாவோடு அப்படியே நின்றார்கள். மைக்கை அணைத்தேன். கண்ணை மூடியதும் இறால்கள் வெடிக்கத் தொடங்கின. வெயில், என்ஜின், அமைதியான தென்கடல், எல்லாம் வந்தன.

"அப்பா..." என்றேன். "இஞ்சால வாங்கோ அப்பா."

"சத்தமா தாயி. என்ஜின் சத்தத்துக்கு மேல கூப்புட்டுருக்கும்ல."

நான்கு வயதுப் பிள்ளை கூப்பிடுவது போல, வெட்கம் எல்லாவற்றையும் விட்டு, அந்த அரங்கம் அதிரக் கூப்பிட்டேன். அக்கா தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றார்.

கூப்பிட்டேன்.